வழுக்கைத் தலையில் இறங்கிய பலம்

கண்ணாடிக்காரருக்குப் பலம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளிக்கக் குழாயைத் திறந்தார். குழாய் கையோடு வந்துவிட்டது. சுவரிலிருந்து பீறிட்ட தண்ணீர் அவரைத் தலையிலிருந்து கால்வரை நனைத்தது. பழைய குழாய், துருப்பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, மனைவியைக் கூப்பிடக் கதவின் கைப்பிடியைத் திருப்பினார். கைப்பிடி வந்தது. அதைத் தொடர்ந்து கதவும் வந்தது.

ஒரு கையில் குழாயும் மறு கையில் கதவுமாகக் கூடத்தில் வந்து நின்றவரை அவர் மனைவி ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னங்க, ரிப்பேருக்கு ஆளைக் கூப்பிட்டா வரமாட்டாங்களா? நீங்க ஏன் எல்லாத்தையும் கழட்டிட்டு இருக்கீங்க?"

"நான் கழட்டல. சும்மா தொட்டேன்."

அவள் நம்பவில்லை. நம்பும்படியான உடம்பும் இல்லை அவருக்கு. ஐம்பதைத் தாண்டியவர். இடுப்பில் பெல்ட் நிற்பதற்குக் கூடுதலாக ஓட்டை போட வேண்டியிருந்தது. மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றின் பின்னறையில், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போன்ற சின்னச் சின்னத் திருகாணிகளை முடுக்குவது அவர் வேலை. அதனால்தான் அந்தப் பெயர். அவர் மனைவி வீட்டின் முன்னறையில் முடி திருத்தும் நிலையம் வைத்திருந்தாள். கண்ணாடிக்காரருக்கோ முப்பது வயதுக்குள்ளேயே தலை முழுக்க வழுக்கை. காதுக்கு மேலே கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்குமே, அதுகூடக் கிடையாது. "ஊர் முடியெல்லாம் வெட்டுறே, வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் மிச்சம் வைக்கக் கூடாதா?" என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். அவளும் சலிக்காமல் சிரிப்பாள்.

அன்று கடையில் அவர் முதலில் எடுத்தது ஒரு பெரியம்மாவின் படிக்கிற கண்ணாடி. கால் ஆடுகிறது என்று கொடுத்திருந்தார்கள். திருகாணியை அரைச் சுற்று முடுக்கினார். கையைத் திறந்து பார்த்தபோது கண்ணாடி இருந்த இடத்தில் மென்று துப்பிய மிட்டாய் மாதிரி ஒரு உருண்டை இருந்தது. அடுத்த கண்ணாடியும் உருண்டையானது. அதற்கடுத்து, பதற்றத்தில் மேஜையைப் பிடித்துக்கொண்டார். மேஜையின் மூலை கையோடு போனது.

முதலாளி வந்து பார்த்தார். நல்ல மனிதர். கோபப்படவில்லை.

"உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"உடம்பு அளவுக்கு மேல சரியா இருக்கு சார். அதான் கஷ்டம்."

"கொஞ்ச நாள் வீட்ல இருங்க. சரியில்லாமப் போனதும் வாங்க."

டாக்டர் ரத்த அழுத்தம் பார்க்கப் பட்டையைக் கையில் சுற்றினார். கண்ணாடிக்காரர் கையை லேசாக மடக்கியதும் பட்டை வெடித்தது. டாக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, எந்தக் கனமான உணவும் வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் மனைவி தன் முறைக்குப் பரிசோதித்தாள். முடிவெட்டும் நாற்காலியில் தானே ஏறி உட்கார்ந்துகொண்டு, "தூக்குங்க பாப்போம்" என்றாள். அவர் ஒற்றை விரலைக் கொடுத்துத் தூக்கினார். தலை கூரையில் இடிக்கப் போன சமயத்தில் அவள் கத்தினாள். இறக்கி வைத்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை" என்றாள். ஆனால் அவளை இறக்கிவிட்ட பிறகு அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டதை அவள் கவனித்தாள். அன்றிலிருந்து அவர் தரையில் தனியாகப் படுத்தார். தூக்கத்தில் கை அவள்மேல் விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம்.

"ஐயாகிட்ட சொல்லிடலாங்க" என்றாள் மனைவி.

ஐயா என்றால் போதகர். அவருடைய சபைக்கு ஊரில் கைதட்டாத சபை என்று பெயர். ஒரு காலத்தில் ஒரே சபையாகத்தான் இருந்தார்கள். பாடும்போது கை தட்டலாமா கூடாதா என்று ஒரு தகராறு வந்து, ஒரே கட்டடத்தின் நடுவில் சுவர் எழுப்பிக்கொண்டு, ஒரு பக்கம் தட்டுகிறவர்கள், மறு பக்கம் தட்டாதவர்கள் என்று பிரிந்துபோனார்கள். கண்ணாடிக்காரர் சத்தம் பிடிக்காதவர் என்பதால் இந்தப் பக்கம் வந்தார். மனைவியின் அண்ணன் அந்தப் பக்கத்துச் செயலாளர். அன்றிலிருந்து மாப்பிள்ளையும் மச்சானும் தெருவில் பார்த்தால் தலையை ஆட்டிக்கொள்வதோடு சரி.

விஷயத்தைக் கேட்டதும் போதகர் எழுந்து நின்றுவிட்டார். "சிம்சோன்!" என்றார். "வேதாகமத்துல சிம்சோனுக்கு இறங்கின பலம் இது. சிங்கத்தை ஆட்டுக்குட்டி மாதிரி கிழிச்சானே, அந்தப் பலம்! அந்தப் பலத்துக்கு மூணு விரதம் உண்டு. சரி, மது ஏதாவது?"

"தொடுறதில்லீங்க ஐயா."

"செத்தது எதையாவது தொட்டீங்களா?"

"நேத்து ஒரு கரப்பான் பூச்சிய அடிச்சேன்."

"அது கணக்குல வராது. தலையில சவரக்கத்தி பட்டிருக்கா?"

கேட்டுவிட்டுப் போதகர் நிமிர்ந்து பார்த்தார். மனைவியும் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் தலை மினுமினுத்தது.

"படலீங்க ஐயா" என்றார் கண்ணாடிக்காரர். "படுறதுக்கு அங்க ஒண்ணும் இல்ல."

"அப்ப பலம் எங்க இருக்கு?"

அது பெரிய கேள்வியாகிவிட்டது. சிம்சோனின் பலம் முடியில் இருந்தது என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். இருக்கும் இடம் தெரிந்தால் பத்திரமாகக் காப்பாற்றலாம் என்பது போதகரின் எண்ணம். இருக்கும் இடம் தெரிந்தால் வெட்டியெறிந்துவிட்டு வேலைக்குப் போகலாம் என்பது கண்ணாடிக்காரரின் எண்ணம். ஆக, தேடுவதில் இருவருக்கும் சம்மதம். முடி விஷயத்தில் மனைவியைவிட அனுபவம் உள்ளவர்கள் இல்லை. விளக்கைக் கிட்டத்தில் வைத்து, கணவனின் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"காதுக்குள்ள கொஞ்சம் இருக்கு" என்று அறிவித்தாள்.

"ஒரு பக்கம் மட்டும் வெட்டும்மா" என்றார் போதகர். "ரெண்டையும் வெட்டிட்டு அப்புறம் முழிக்க வேண்டாம்."

இடது காது முடியை வெட்டினாள். கண்ணாடிக்காரர் இடது கையால் பீரோவைத் தூக்கினார். தூக்க முடிந்தது. வலது காதும் அப்படியே. மூக்கு முடி, மீசை எல்லாம் போயின. கடைசியில் போதகர் பார்வையைத் திருப்பிக்கொள்ள, புருவமும் போனது. பீரோ மட்டும் ஒவ்வொரு முறையும் பஞ்சு மாதிரி எழும்பியது. முட்டைக்குக் கண்ணும் மூக்கும் வரைந்ததுபோல உட்கார்ந்திருந்த கணவனைப் பார்த்து மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் ஓடினாள்.

"ஒரு விதத்துல சந்தோஷம்" என்றார் போதகர். "உங்க பலத்தை ஒருத்தரும் வெட்ட முடியாது. சரி, பலம் சும்மா வராது. விரோதி இருந்தாத்தான் வரும். உங்க விரோதி யாரு?"

கண்ணாடிக்காரர் நெடுநேரம் யோசித்தார். "மேல் வீட்டுக்காரர் துணி காயப்போட்டா நம்ம தலையில சொட்டும். ஆனா தங்கமான மனுஷன்."

"சிங்கம் மாதிரி ஏதாவது?"

"எதிர் வீட்டு நாய் குரைக்கும். என்னைப் பார்த்து இல்ல."

வீட்டில் விரோதி கிடைக்காததால் விஷயம் சபைக் கமிட்டிக்குப் போனது. கமிட்டிக்குத் தேட வேண்டிய அவசியமே இல்லை. கைதட்டும் சபையார் புதிதாக ஒரு இரும்புக் கேட் போட்டிருந்தார்கள். அது வெளிப்பக்கமாகத் திறந்து, இரு சபைக்கும் பொதுவான சந்தின் வழியை அடைத்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமைகளில் போதகரின் கார் வெளியே வர முடியாமல், அவர்கள் தட்டி முடிக்கும்வரை காத்துக் கிடக்கும். சிம்சோன் விரோதிகளுடைய பட்டணத்துக் கோட்டைக் கதவுகளைத் தூணோடு பெயர்த்துத் தோளில் வைத்து மலை உச்சிக்குக் கொண்டுபோனதைக் கமிட்டி நினைவுபடுத்தியது.

"அந்தப் பக்கம் என் மச்சான் இருக்காருங்களே" என்றார் கண்ணாடிக்காரர்.

"மச்சானை யார் தூக்கச் சொன்னா? கேட்டைத் தூக்குங்க."

அவருக்கு முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. பலம் வருமுன் யாரும் அவரிடம் எதையும் தூக்கச் சொன்னதில்லை என்பதால் அது ஒரு குறையாகத் தெரிந்ததும் இல்லை.

சனிக்கிழமை நல்ல வெயிலில் போனார். இரண்டு தூண்களையும் பிடித்து ஒரு செடியைப் பிடுங்குவதுபோலப் பிடுங்கினார். அடியில் ஒட்டியிருந்த சிமெண்டோடு முழுக் கேட்டும் வந்தது. தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். கமிட்டி கொஞ்ச தூரம் பின்னால் வந்தது. தெருமுனையில் சிவப்பு விளக்கு விழவே கண்ணாடிக்காரர் நின்றார். அந்த இடைவெளியில், எல்லாரும் பார்க்கிறார்கள் என்பதை உணர்ந்த கமிட்டி, தனக்கு வேறு வேலை இருப்பதைக் கண்டுகொண்டது.

அந்த ஊரில் மலை இல்லை. உயரமான இடம் என்று பார்த்தால் கடைவீதியில் இருந்த பல மாடிக் கார் நிறுத்தம்தான். வாசலில் டோக்கன் கொடுப்பவர் நிமிர்ந்து பார்க்காமலே, "வண்டி நம்பர்?" என்றார்.

"வண்டி இல்லீங்க. கேட்."

டோக்கன்காரர் நிமிர்ந்தார். பார்த்தார். ஆனால் அவருக்கும் ஒரு வேலை இருந்தது. "டூ வீலரா, ஃபோர் வீலரா?"

"ரெண்டு கதவுதாங்க."

"அப்ப டூ வீலர். ஓரமா நிறுத்துங்க."

சரிவான பாதையில் சுற்றிச் சுற்றி மேலே ஏறியபோது கண்ணாடிக்காரருக்கு முதல்முறையாகக் கொஞ்சம் சுகமாக இருந்தது. பலம் வந்த நாளிலிருந்து தொட்டதெல்லாம் அவர் கையில் தூளாகிக்கொண்டிருந்தது. இது ஒன்றுதான் உடையாமல் தோளில் கனத்தது. மொட்டை மாடியில், மஞ்சள் கோட்டுக்குள் சரியாக அடங்கும்படி கேட்டைச் சாய்த்து வைத்தார்.

"சார், இப்ப எறங்கலாமா?" என்று ஒரு குரல் கேட்டது.

கேட்டின் மேல்கம்பியைக் கட்டிப்பிடித்தபடி ஒரு பெயிண்டர் தொங்கிக்கொண்டிருந்தார். ஒரு கையில் பிரஷ் இருந்தது. பச்சைப் பெயிண்ட் கண்ணாடிக்காரரின் தோளிலிருந்து முழங்கால்வரை வழிந்திருந்தது.

"ஐயய்யோ! நீங்க எப்ப ஏறுனீங்க?"

"நான் ஏறல சார். நீங்க வர்றதுக்கு முன்னாடியே அங்கதான் இருந்தேன். பெயிண்ட் அடிச்சிட்டு இருந்தேன். பஸ் ஸ்டாப்புல கூப்பிட்டேன், சிக்னல்ல கூப்பிட்டேன். நீங்க திரும்பவே இல்ல. சிக்னல்ல ஒருத்தர் எங்கிட்ட வழி வேற கேட்டார்."

"சொன்னீங்களா?"

"சொல்லாம எப்படி சார்?"

இருவரும் வழி கேட்டவர் சரியாகப் போய்ச் சேர்ந்திருப்பாரா என்று பேசிக்கொண்டிருக்கையில் மச்சான் மேலே வந்து சேர்ந்தார். கனத்த உடம்பு. லிஃப்ட் வேலை செய்யவில்லை. வந்தவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். அவர் தலைமுடி, அந்த வயதிலும் கருகருவென்று அடர்ந்தது, வியர்வையில் நெற்றியில் ஒட்டியிருந்தது.

"மாப்ள" என்றார் கடைசியில். "கேட் வேணும்னா கேட்டிருக்கலாமே!"

"எனக்கு வேண்டாம் மச்சான். தூக்கச் சொன்னாங்க."

"சொன்னா தூக்கிடுவீங்களா?" என்று அதட்டிவிட்டு, மாப்பிள்ளையின் முகத்தை அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தார். "புருவம் எங்க?"

"உங்க தங்கச்சி எடுத்துட்டா."

"சண்டையா?"

"இல்ல மச்சான். பலம் புருவத்துல இருக்கானு பார்த்தோம்." கண்ணாடிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார், கொஞ்சம் தள்ளியே. "அவ நல்லா இருக்கா. நான்தான் சரியில்ல. பக்கத்துல உக்காரவே பயமா இருக்கு. கண்ணாடி உருண்டையானதைப் பார்த்தேன். அவ கைய எப்படிப் பிடிப்பேன்?"

மச்சான் தன் கைக்குட்டையை எடுத்து மாப்பிள்ளையின் தோளில் இருந்த பெயிண்டைத் துடைக்கப் பார்த்தார். அது இன்னும் பரவியது.

கேட்டைத் திருப்பிக் கொண்டுபோக முடிவானது. பெயிண்டர் நடந்து வர மறுத்தார். "வரும்போது தூக்கிட்டு வந்தீங்கல்ல?" என்று சொல்லி ஏறி உட்கார்ந்துகொண்டார். பழைய குழியில் தூண்களை நட்டு, காலால் மண்ணை மிதித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது, கேட்டை முன்பின்னாக நட்டிருக்கிறார் என்று. இப்போது அது உள்பக்கமாகத் திறந்தது. போதகரின் கார் ஞாயிற்றுக்கிழமை தாராளமாக வெளியே வந்தது. ஆனால் யாருக்கும் அதில் திருப்தி இல்லை. வெற்றி கொண்ட கேட்டைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று இந்தப் பக்கம் கோபம். திருடின கேட்டைத் திருப்பி நட்டாலாவது நேராக நட வேண்டாமா என்று அந்தப் பக்கம் கோபம்.

அதைவிடப் பெரிய கோபம் ஒன்று மறுவாரம் கிளம்பியது. கைதட்டும் சபையார் ஒரு கணக்குப் போட்டார்கள். கண்ணாடிக்காரருக்குப் பலம் வந்ததற்கு முந்தின நாள், திங்கட்கிழமை மாலை, அவர்கள் பலத்துக்காக விசேஷ ஜெபம் நடத்தியிருந்தார்கள். அதே நேரத்தில் சுவருக்கு மறுபக்கம் கண்ணாடிக்காரர் பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுவரோ மெல்லிசு. ஆகவே, தங்களுக்கு வர வேண்டிய பலம் விலாசம் மாறிப் போய்விட்டது. ஆளைத் தங்கள் பக்கம் ஒப்படைக்க வேண்டும்.

பிரிந்த பிறகு முதல்முறையாக இரண்டு சபையாரும் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். கூட்டம் கைதட்டாத சபையின் ஹாலில் நடந்தது. ஹாலின் நடுவில் இரண்டு தடித்த வெள்ளைத் தூண்கள். இடது பக்கம் இவர்கள், வலது பக்கம் அவர்கள். யாருக்கும் சொந்தமில்லாத இடமாக இருக்கட்டும் என்று கண்ணாடிக்காரரின் நாற்காலியைத் தூண்களுக்கு நடுவே போட்டார்கள். மனைவி முன்வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவருக்கு, புதன்கிழமைகளில் மற்றவருக்கு என்று ஒருவர் யோசனை சொன்னார். புதன்கிழமை பலம் குறைவாக இருந்தால் என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டார். கண்ணாடிக்காரரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நெடுநேரம் ஒரே நிலையில் உட்கார்ந்ததில் அவருக்குக் கால் மரத்துப்போனது. எழுந்தார். தடுமாறியது. விழாமல் இருப்பதற்காக இரண்டு கைகளையும் நீட்டி இரண்டு தூண்களிலும் ஊன்றிக்கொண்டார்.

பேச்சு நின்றது.

சிம்சோன் எப்படிச் செத்தான் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். விரோதிகளின் மண்டபத்தில் இரண்டு நடுத்தூண்களைப் பிடித்துச் சாய்த்து, உள்ளே இருந்த அத்தனை பேரோடும் தானும் செத்தான். பின்வரிசையில் ஒரு நாற்காலி மெதுவாகக் கிரீச்சிட்டது. அவ்வளவுதான். கைதட்டும் போதகர் ஜன்னல் வழியாகப் போனார். கைதட்டாத போதகர் கதவு வழியாகப் போனார், எல்லாருக்கும் முதலில். பிரிந்ததற்குப் பிறகு இரண்டு சபையாரும் ஒரே வாசலில் நுழைந்து வெளியேறியது அன்றுதான். யார் பக்கம் யார் என்று பார்க்காமல் ஒருவரை ஒருவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

ஹால் காலியானது. மனைவி மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"நீ ஓடலயா?"

"கால் மரத்துப்போச்சுனு உங்க மூஞ்சியே சொல்லுது. நான் எதுக்கு ஓடணும்?"

அவர் கையை எடுத்தார். வலது தூண் கையோடு வந்தது.

இருவரும் மேலே பார்த்தார்கள். கூரை அசையவில்லை. தூணுக்கும் கூரைக்கும் சம்பந்தமே இல்லை. நடுவில் கை நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. கம்பீரத்துக்காக மரப்பலகையை வளைத்துச் சுண்ணாம்பு அடித்து நிறுத்தியிருந்தார்கள். உள்ளே இருந்து இரண்டு துடைப்பங்களும் ஒரு உடைந்த நாற்காலியும் விழுந்தன.

"அதைக் கீழ வைங்க" என்றாள் மனைவி.

"எங்க வைக்கணும்னு ஐயாகிட்ட கேட்டுட்டு வைக்கிறேனே."

தூணைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். தெருவில் எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டு கட்டடம் விழுவதற்காகக் காத்திருந்தார்கள். தூணோடு வந்து நின்றவரைப் பார்த்துக் கூட்டத்தில் யாரோ கைதட்டினார். அது தட்டுகிறவர்களின் பழக்கம். ஆனால் உயிர் பிழைத்த சந்தோஷத்தில் தட்டாதவர்களும் தட்டினார்கள். தெரு அதிர்ந்தது. போதகரும் தட்டிக்கொண்டிருந்தார். நடுவில் குனிந்து தன் கைகளைப் பார்த்தார். நிறுத்தவில்லை.

அதற்குப் பிறகு கண்ணாடிக்காரரை யாரும் உரிமை கொண்டாடவில்லை. கூட்டத்தில் தான் தட்டவே இல்லை என்று சாதிப்பதிலும், அந்தத் தூணுக்கு அனுமதி கொடுத்தது யார் என்று விசாரிப்பதிலும் கமிட்டிக்கு நாள் போனது. பலமோ போகவில்லை. வீட்டில் கதவுகளுக்குப் பதில் திரை தொங்கியது. மனைவிதான் ஒரு நாள் கடையைச் சாத்திவிட்டு அவரை உட்காரவைத்துப் பேசினாள்.

"நீங்க முன்னாடியும் விரல் நுனியாலதான் வேலை பார்த்தீங்க. இப்பவும் அதே விரல்தான். அதுக்குப் பின்னாடி கொஞ்சம் நிறைய இருக்கு, அவ்வளவுதான். வாங்க, தலை அலச கத்துத் தர்றேன்."

முதலில் கிண்ணத்தில் சோப்பு நுரையைக் கொடுத்து, நுரை உடையாமல் தூக்கச் சொன்னாள். அது சீக்கிரம் வந்தது. பிறகு, பொய்முடி மாட்டி வைக்கும் பிளாஸ்டிக் தலை. முதல் தலை நசுங்கியது. அடுத்ததும் நசுங்கியது. ஒரு நாள் சாயங்காலம் ஒரு தலை நசுங்காமல் அலசி முடிந்தது. அவர் அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்குக்கூட வளையவில்லை.

"இனி எனக்குப் பண்ணுங்க" என்று அவள் நாற்காலியில் சாய்ந்தாள்.

"மாட்டேன்" என்றார் கண்ணாடிக்காரர். வாழ்க்கையில் அவர் சொன்ன முதல் மறுப்பு அதுதான். "உன் தலையில மாட்டேன்."

வாடிக்கையாளர்கள் யாரும் முன்வரவில்லை. அவர் பக்கத்தில் வந்தாலே பத்திரிகையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்கள். கடைசியில் வந்தது மச்சான். கேட் விஷயத்துக்கு அப்புறம் வாரம் ஒரு முறை தங்கச்சி வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலியில் போய்ச் சாய்ந்து, அந்த அடர்ந்த தலையைப் பின்னால் இருந்த தொட்டியில் வைத்தார்.

"மச்சான், வேண்டாம். நல்லா யோசிச்சிக்கோங்க."

"வர்ற வழியிலேயே யோசிச்சிட்டேன். தண்ணி மட்டும் சூடா இருக்கட்டும் மாப்ள."

கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது, ஜெபமாக இருக்கலாம். மனைவி தண்ணீர் ஊற்றினாள். கண்ணாடிக்காரர் நுரையைத் தலையில் வைத்து, பத்து விரல்களின் நுனியையும் இறக்கினார். முன்பு திருகாணியை முடுக்கும்போது பிடிப்பதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டார். காதுக்குப் பின்னால், பிடரியில், உச்சியில். விரலுக்கடியில் மண்டையோட்டின் சூடு தெரிந்தது. ஒரு மனிதத் தலை எவ்வளவு லேசானது என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. மச்சானின் உதடு அசைவது நின்றது. கண்ணாடிக்காரர் பயந்து குனிந்து பார்த்தார். குறட்டை வந்தது.

மனைவி சத்தம் போடாமல் பக்கத்தில் வந்து, நுரைக்குள் கையை விட்டு, கணவனின் கையின்மேல் வைத்தாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இழுத்தால் மச்சான் விழித்துக்கொள்வார் என்பதும் ஒரு காரணம். இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

"இன்னும் கொஞ்சம் மேல, மாப்ள" என்றார் மச்சான் தூக்கத்தில்.